பாப்பாவுக்கு டயப்பர் ரேஷ், க்ரீம் போட்டால் அடங்கி மறுபடி வருகிறது

கயல் அம்மா:
பாப்பாவுக்கு எட்டு மாதம். கோவில்பட்டியில் இருக்கிறோம், இங்கே அடிக்கிற வெயிலுக்கு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்த்துக் கொட்டுகிறது. போன மாதக் கடைசியில் அவளுக்குச் சளி பிடித்து, காதில் சீழ் வடிந்து, டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார். காது சரியாகிவிட்டது. ஆனால் சிரப் ஆரம்பித்த நாலாம் நாளில் இருந்து தண்ணியாகப் போக ஆரம்பித்தாள், அதோடு அடியில் சிவந்துவிட்டது. தெரு முனை மருந்துக்கடையில் போய்ச் சொன்னேன். போட்டோ காட்டவா என்றால் அதைக்கூடப் பார்க்கவில்லை, "இதைப் போடுங்க, எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு ட்யூபை நீட்டினார்கள். உண்மையாகவே இரண்டு நாளில் அடங்கிவிட்டது. நிறுத்தினேன். மறுநாளே பழையபடி சிவப்பு, முன்பைவிட மோசமாக. திரும்பப் போட்டேன், அடங்கியது, நிறுத்தினேன், வந்துவிட்டது. இப்போது தொடை வரை இறங்கியிருக்கிறது. கழுவத் தண்ணீர் பட்டாலே வீறிட்டு அழுகிறாள்.

அத்தை இது செவ்வாப்பு, டயப்பரை முதலில் தூக்கிப் போடு என்கிறார்கள். இவர் வேறு கம்பெனி டயப்பர் வாங்கலாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

வேளச்சேரிவாசி:
கம்பெனியை மாற்றிப் பாருங்கள். என் பையனுக்கு மாற்றியதும் நின்றது.

ஷிப்ட் அப்பா:
தேங்காய் எண்ணெய் தடவிக் காற்றோட்டமாக விடுங்கள் சகோ. எங்கள் வீட்டில் மூன்று நாளில் சரியானது.

வார்டு அக்கா:
கொஞ்சம் பொறுங்கள், ஆளாளுக்கு மருந்து சொல்வதற்கு முன்னால் அது என்ன என்று பார்த்துவிடலாம். நான் குழந்தைகள் வார்டில் பதினாலு வருடமாக செவிலியாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் சிவந்த அடிகளை எண்ணிக்கையில்லாமல் பார்த்தாகிவிட்டது.

கயல் அம்மா, பாப்பாவை நல்ல வெளிச்சத்தில், ஜன்னலோரமாகப் படுக்க வைத்துக் காலை மெதுவாக விரித்துப் பாருங்கள். சிவப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் வேண்டும். பிட்டத்தின் மேடான பகுதியிலும் முன்பக்கத்திலும் மட்டும் இருக்கிறதா, இல்லை தொடை இடுக்கில், அந்த மடிப்பின் உள்ளேயும் இருக்கிறதா? ஓரம் எப்படி இருக்கிறது, மங்கலாக முடிகிறதா அல்லது கோடு போட்டது போல் நிற்கிறதா? பெரிய சிவப்புக்கு வெளியே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றனவா? அப்புறம் வாயைத் திறந்து பாருங்கள், நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாக மாவு ஒட்டியது போல் இருந்தால் துணியால் லேசாகத் துடைத்து அது போகிறதா என்று பாருங்கள். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் மார்க்காம்பில் எரிச்சல் உண்டா? அந்த ட்யூபில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அப்படியே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், உள்ளே என்ன மருந்து என்று மட்டும்.

கயல் அம்மா:
அக்கா, பார்த்துவிட்டேன். மடிப்பின் உள்ளேதான் அதிகம். நல்ல ரத்தச் சிவப்பு, ஈரமாகப் பளபளவென்று இருக்கிறது. ஓரம் கோடு மாதிரிதான். வெளியே தொடையில் கடுகு தெளித்தது போல் புள்ளிகள், இரண்டு மூன்றில் நுனி வெள்ளையாக இருக்கிறது. வாயில் வெள்ளை இருக்கிறது. பால் படிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், துடைத்தால் போகவில்லை. மார்க்காம்பில் எரிச்சல் நாலு நாளாக இருக்கிறது, பல் முளைக்கிறதே, கடிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

ட்யூபில் இருப்பது: க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல்.

வார்டு அக்கா:
நினைத்தது சரியாகப் போயிற்று. நாளைக் காலையே டாக்டரிடம் காட்டுங்கள், அந்த ட்யூபையும் கையில் எடுத்துப் போங்கள். இன்று இரவில் இருந்தே அதைப் போட வேண்டாம்.

ஏன் மடிப்பைப் பார்க்கச் சொன்னேன் என்றால், சாதாரண டயப்பர் ரேஷ் என்பது ஈரமும் உரசலும் சேர்ந்து செய்கிற வேலை. ஈரத்தில் ஊறிய தோல் மெலிந்து போகும். குழந்தை போன மலத்தில் செரிமான நொதிகள் இருக்கும், சிறுநீர் மலத்தோடு கலந்து அம்மோனியா உண்டாகும்போது அந்த இடத்தின் புளிப்புத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடும், காரம் கூடினால் அந்த நொதிகளுக்குக் கொண்டாட்டம், தோலையே செரிக்கப் பார்க்கும். பேதி ஆகும்போது இது பல மடங்கு. ஆனால் டயப்பர் எங்கே உரசுகிறதோ அங்கேதான் இது வரும், அதாவது மேடான இடங்களில். மடிப்பின் உள்ளே டயப்பர் படாததால் அங்கே தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விரித்துப் பார்த்தால் சிவப்புக்கு நடுவில் வெளிறிய கோடு மாதிரி தெரியும்.

மடிப்புக்குள்ளேயே சிவந்து, ஓரம் வெட்டியது போல் நின்று, வெளியே குட்டிப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்கிற பூஞ்சை. அது பலர் குடலிலும் வாயிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அதை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் செத்துப்போகின்றன, பூஞ்சைக்குக் காலி மைதானம். காதுக்குக் கொடுத்த சிரப் தப்பில்லை, சீழ் வடிந்ததற்கு அது வேண்டியிருந்தது. அதன் பின்விளைவு இது. நாக்கில் இருக்கும் வெள்ளையும் அதேதான், ஊரில் அக்கரம் என்பார்களே, அது. உங்கள் எரிச்சலும் அதாகவே இருக்கலாம். பாப்பாவும் நீங்களும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொள்வீர்கள், அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

சாதாரண ரேஷ் மூன்று நாள் நன்றாகப் பார்த்துக்கொண்டும் அடங்கவில்லை என்றாலே அதில் பூஞ்சையும் ஏறியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நீங்கள் பார்த்துக்கொள்ளாமல் இல்லை, தப்பான ட்யூப் கையில் கிடைத்தது.

மருந்துக்கடைத் தம்பி:
நானும் மருந்துக்கடையில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதுகிறேன். "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று கொடுக்கிற ட்யூபில் மூன்று மருந்து இருக்கும். ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று பாக்டீரியாவுக்கு, மூன்றாவது ஸ்டீராய்டு. உங்கள் ட்யூபில் இருக்கிற க்ளோபெட்டசால் மேல்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே அதிக வீரியமான வகை. பெரியவர்களின் உள்ளங்கை உள்ளங்காலில் தடித்துப்போன தோலுக்கே அளவு பார்த்து எழுதுவார்கள். அது சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கும், அதனால்தான் இரண்டே நாளில் வெளுத்தது. கூடவே தோலின் எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிவிடும், அந்த மறைவில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தியதும் மூடியைத் திறந்தது போல் வெளியே வரும்.

டயப்பருக்குள் போடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. குழந்தைத் தோல் மெல்லியது, அதன் மேல் டயப்பர் இறுக்கமாக மூடியிருக்கிறது, அதனால் மருந்து சாதாரணமாக உள்ளே போவதைவிட நிறையப் போகும். தோல் மெலிவது ஒரு பக்கம். வாரக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கலந்து அட்ரீனல் சுரப்பியையே தூங்க வைத்துவிடும், முகம் உப்பி குழந்தையின் வளர்ச்சி தடைப்பட்ட நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் விட்டு விட்டுச் சில நாள்தான் போட்டிருக்கிறீர்கள், பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் எத்தனை நாள், எத்தனை தடவை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை, க்ரீமாக இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டு வந்தது. சட்டம் அப்படி. கடை கவுண்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

வேளச்சேரிவாசி:
ஐயோ, அந்த மாதிரி ட்யூப் எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. இப்போது போய்ப் படித்தேன், அதில் பெக்லோமெத்தசோன் என்று இருக்கிறது. அதுவும் ஸ்டீராய்டா?

மருந்துக்கடைத் தம்பி:
ஆமாம். பெயரின் கடைசியில் "சோன்", "சால்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அதை நம்ப வேண்டாம், பூஞ்சை மருந்துகளிலும் பல "சோல்" என்றுதான் முடியும். பேசாமல் கடையில் "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா" என்று வாய் விட்டுக் கேளுங்கள். டாக்டரே சில நேரம் வீக்கம் அதிகமாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதவீதம் எழுதுவார், அது மிதமானது, அதுவும் சில நாளைக்குத்தான். அதையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம்.

ஆச்சி 62:
எல்லாரும் என்னமோ பெரிய பெரிய பெயராகச் சொல்கிறீர்கள். நான் நாலு பிள்ளை பெற்று, ஏழு பேரப்பிள்ளை பார்த்தவள். எங்கள் காலத்தில் டயப்பரும் கிடையாது, இந்தப் புண்ணும் இவ்வளவு கிடையாது. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன துணிதான் கட்டுவோம். ஈரம் பட்டதும் பிள்ளை அழும், உடனே மாற்றுவோம். டயப்பர் கட்டினால் பிள்ளைக்கே நனைந்தது தெரிவதில்லை, தாய்க்கும் தெரிவதில்லை. அத்தை சொல்வதில் ஒன்றும் தப்பில்லை கயல். குளிப்பாட்டியதும் நன்றாகப் பவுடர் கொட்டு, நாக்கு வெள்ளைக்கு வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவு. ஒரே நாளில் போய்விடும்.

வார்டு அக்கா:
ஆச்சி, துணி விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்கும் சம்மதம், நனைந்ததும் மாற்றுவதுதான் இதில் பாதி வைத்தியம். ஆனால் வெங்காரமும் தேனும் வேண்டவே வேண்டாம், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெங்காரம் என்பது போராக்ஸ். கைக்குழந்தை அதை விழுங்கினால் வாந்தி பேதியில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதை குழந்தைக் குடலில் முளைத்து உடம்பையே தளர வைத்துவிடும்.

பவுடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கம்பெனி டால்க் பேபி பவுடரை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தியது, 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. அது வழக்கு, புற்றுநோய் என்று வேறு விவகாரம். நான் சொல்வது மூச்சு விவகாரம். டப்பாவைத் தட்டும்போது எழும்பும் தூசி குழந்தையின் நுரையீரலுக்குப் போகிறது. போதாததற்கு ஈரத்தில் பட்ட பவுடர் கட்டி கட்டியாக மடிப்பில் உட்கார்ந்து மணல் மாதிரி உரசும். ஏற்கெனவே புண்ணான தோலில் உப்புக்காகிதம் தேய்ப்பதும் இதுவும் ஒன்று.

ஆச்சி 62:
தேனுக்கு ஆகாது என்று இப்போதெல்லாம் டாக்டர்களும் சொல்கிறார்கள், சரி. வெங்காரம் எனக்கே என் மாமியார் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

வார்டு அக்கா:
உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை ஆச்சி. ஆனவர்களை நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

ஆச்சி 62:
சரி தாயி, விட்டுவிட்டேன். துணி கட்டச் சொன்னது சொன்னதுதான்.

ஆம்பூர் நிலா:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எல்லாச் சிவப்பும் பூஞ்சை இல்லை என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்றரை வயதில் ஆசனவாயைச் சுற்றி மட்டும், பொட்டு வைத்தது போல் வட்டமாக, பளீர் சிவப்பு. வெளிக்குப் போகும்போது காலை இறுக்கிக்கொண்டு அழுவான், அடக்கி அடக்கி மலச்சிக்கலே வந்துவிட்டது, இரண்டு தடவை மலத்தில் ரத்தக் கோடு. மூன்று வாரம் பூஞ்சை க்ரீம் போட்டோம், ஜிங்க் க்ரீம் போட்டோம், அசையவில்லை. அடுத்து பார்த்த டாக்டர் பஞ்சில் துடைத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வந்தது. தொண்டைப் புண்ணுக்கு வருகிற அதே கிருமியாம். வாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகுதான் சரியானது. அதனால் க்ரீம் மாற்றி க்ரீம் போட்டுக்கொண்டே இருக்காமல் ஒரு கட்டத்தில் டெஸ்ட் கேட்பது நல்லது.

வார்டு அக்கா:
நல்ல நேரத்தில் சொன்னீர்கள். கயல் அம்மாவுக்கு ஆன்டிபயாடிக்கால் வந்தது, உங்கள் மகனுக்கு ஆன்டிபயாடிக்கால் போனது, பார்க்க இரண்டும் சிவப்பு. அதனால்தான் போட்டோவை வைத்துப் பெயர் சொல்ல எனக்குத் தயக்கம்.

இன்னும் சில இருக்கின்றன. தலையில் எண்ணெய்ப்பசையான மஞ்சள் செதில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கிலும் சிவப்பு, ஆனால் பிள்ளை அழாமல் சிரித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் செபோரிக் வகை, பிறந்து சில வாரத்தில் வரும், தானாகவே போகும். வீட்டில் எல்லோரும் ராத்திரியானால் சொறிகிறார்கள், பிள்ளைக்கு உள்ளங்கை உள்ளங்காலிலும் கொப்புளம் என்றால் சிரங்கு. வாயைச் சுற்றியும், அடியிலும், கை கால் விரல்களிலும் ஒரே நேரத்தில் புண், முடி கொட்டுகிறது, பேதியும் நிற்கவில்லை என்றால் உடம்பில் துத்தநாகக் குறைவா என்று பார்க்க வேண்டும், இது தாய்ப்பால் நிறுத்திய பிறகு வெளிப்படுவது உண்டு, இதற்கு எந்த க்ரீமும் கேட்காது. தண்ணீர் கோர்த்த பெரிய கொப்புளம், தேன் நிறத்தில் பொருக்கு, காய்ச்சல், இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கயல் அம்மா:
டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். அக்கா சொன்னதேதான். பார்த்த உடனே "பூஞ்சை" என்றார், லேசாகச் சுரண்டி கண்ணாடித் துண்டில் எடுத்து அங்கேயே லேபில் பார்க்கச் சொன்னார், பூஞ்சை இழை தெரிகிறது என்று அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ட்யூபைக் காட்டினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை, பெருமூச்சு விட்டு அதைத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

க்ளோட்ரிமசோல் ஒரு சதவீதம், வேறு எதுவும் கலக்காத வெறும் க்ரீம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சிவப்பு மறைந்தாலும் பத்து நாள் முழுக்கப் போட வேண்டுமாம், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் என்றார். மேலே ஜிங்க் ஆக்சைடு. வாய்க்குச் சொட்டு மருந்து, எனக்கும் தடவ ஒரு க்ரீம். பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் 14 நாளைக்கு ஜிங்க் சிரப்பும். எடை பார்த்தார், முகம் உப்பியிருக்கிறதா என்று பார்த்தார், பயப்பட வேண்டியதில்லை, இரண்டு வாரத்தில் திரும்ப வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எதை முதலில் போடுவது என்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டையும் குழைத்துப் போடலாமா?

வார்டு அக்கா:
குழைக்க வேண்டாம். முதலில் பூஞ்சை மருந்து, மெல்லிசாக, சிவப்புக்கு அப்பால் அரை அங்குலம் வரை. ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஜிங்க். அதை மெல்லிசாகத் தடவினால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல் அல்ல, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல் பூச வேண்டும், கீழே தோல் தெரியக் கூடாது. அது மருந்து என்பதைவிட ஒரு மழைக்கோட்டு. அடுத்த தடவை மாற்றும்போது மேலே பட்ட மலத்தை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு, மீதி வெள்ளையை அப்படியே விட்டு அதன் மேலேயே பூசுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு இதுதான், சுத்தம் சுத்தம் என்று ஒவ்வொரு முறையும் பழைய க்ரீமைத் தேய்த்து எடுப்பார்கள், கூடவே புதிதாக முளைத்த தோலும் வந்துவிடும். பூஞ்சை மருந்து போடுகிற அந்த இரண்டு வேளை மட்டும், தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி ஒற்றி ஜிங்க்கை எடுத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பியுங்கள்.

கழுவுவது வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில். செம்பில் எடுத்து ஊற்றுங்கள், கையால் தேய்க்காதீர்கள். சோப்பு வேண்டாம், பயத்தமாவு வேண்டாம், தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றவே வேண்டாம். வாசனை போட்ட ஈரத்துடைப்பான் காகிதம் கைக்கு வசதிதான், புண் ஆறும் வரை அதை அலமாரியில் வையுங்கள். துடைக்கும்போது ஒற்றுங்கள். ஒற்றிய பிறகும் மடிப்பில் ஈரம் இருக்கும், அதனால் ரப்பர் ஷீட்டின் மேல் பருத்தித் துணி விரித்து குப்புறப் படுக்க வைத்து ஒரு பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே நீங்கள் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. துணி நாசமாகும், பரவாயில்லை.

கயல் அம்மா:
டயப்பரா துணியா, அதையும் சொல்லிவிடுங்கள். இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

ஷிப்ட் அப்பா:
இதில் என் அனுபவம் சொல்கிறேன். நான் ராத்திரி ஷிப்ட், மனைவி பகல் வேலை. எங்களால் துணி மட்டும் கட்டிச் சமாளிக்க முடியவில்லை. ஆனால் டயப்பர் பத்து மணி நேரம் தாங்கும் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி, ராத்திரி எட்டு மணிக்குக் கட்டியதைக் காலை ஆறு மணிக்குக் கழற்றுவோம். ஒரு டயப்பர் மிச்சம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் சேர்ந்த காசு மொத்தமும் ஒரே தடவை டாக்டர் பீஸில் போய்விட்டது. இப்போது பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, வெளிக்குப் போனால் அந்த நொடியே, ராத்திரி ஒரு தடவை எழுந்து. செலவு அதிகம்தான். அளவும் பார்க்க வேண்டும், தொடையில் எலாஸ்டிக் தடம் பதிந்தால் அடுத்த அளவுக்குப் போய்விட வேண்டும், பாக்கெட்டில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று இழுக்கக் கூடாது.

வார்டு அக்கா:
நல்ல டயப்பர், உள்ளே இருக்கும் ஜெல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நனைந்த துணியைவிடத் தோலை உலர்வாக வைக்கும். மாற்றாமல் விட்ட டயப்பரைவிட உடனே மாற்றும் துணி நல்லது. நனைந்தே கிடக்கும் துணி இரண்டையும்விட மோசம். ஆச்சி மாதிரி நாள் முழுக்கக் கூட இருந்து பார்க்க ஆள் இருந்தால் பகலில் துணி, ராத்திரிக்கு டயப்பர் என்று வையுங்கள். துணிக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டால் துணி கட்டியதன் பலனே போயிற்று.

ஆச்சி 62:
துணியை எப்படித் துவைப்பது என்று யாரும் கேட்கவில்லை பார். பவுடர் சோப்பு போட்டு, சொட்டு நீலம் போட்டு, வாசனைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். அதெல்லாம் துணியிலேயே தங்கி, பிள்ளை நனைத்ததும் ஊறி வெளியே வரும். மூன்று தண்ணீர் அலசு. கடைசித் தண்ணீரைக் கையில் தொட்டால் வழுக்கக் கூடாது. வெயிலில் மொறுமொறுவென்று காய வை, கோவில்பட்டியில் வெயிலுக்கா பஞ்சம்.

வார்டு அக்கா:
ஆச்சி, இதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. பூஞ்சை இருக்கிற இந்தப் பத்து நாளைக்கு மட்டும் துணியைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுங்கள்.

வேளச்சேரிவாசி:
என் பையன் காப்பகத்தில் இருக்கிறான். அங்கே ஆயாம்மா ஒரே ஆள், பத்துப் பிள்ளை. மதியம் ஒரு தடவைதான் மாற்றுவார்கள் போல. க்ரீம் கொடுத்து அனுப்பினால் அப்படியே திரும்பி வருகிறது. சண்டை போடவும் பயம், நாளைக்கு அவன் அங்கேதானே இருக்க வேண்டும்.

ஷிப்ட் அப்பா:
காலையில் கிளம்பும்போதே ஜிங்க்கை நன்றாகப் பூசி அனுப்புங்கள். டயப்பரை எண்ணி வையுங்கள், நாலு வைத்தால் மூன்று திரும்பி வந்தால் தெரிந்துவிடும். நாங்கள் ஒரு துண்டுத் தாளில் நேரம் போடச் சொன்னோம், 11, 1, 3 என்று மூன்று கட்டம், மாற்றியதும் ஒரு டிக். ஆயாம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவையும் கொடுத்தோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கயல் அம்மா:
ஆறாம் நாள். புள்ளிகள் எல்லாம் காய்ந்து தோல் உரிகிறது. மடிப்பில் மட்டும் ரோஸ் நிறம் மிச்சம். நாக்கு சுத்தம். நேற்று கழுவும்போது அழவில்லை, செம்பைப் பிடுங்கி விளையாடினாள், எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை மூன்று தண்ணீர் அலசி மாடி முழுக்கத் துணி காயப் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். சாம்பிராணி போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்ல முடியவில்லை, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

வார்டு அக்கா:
பத்து நாளை முடித்துவிட்டு நிறுத்துங்கள், இன்றைக்கு இல்லை.

தூளி:
புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என் மகளுக்கு மூன்று வாரம். அடியில் இரண்டு சின்னச் சீழ்க் கொப்புளம், நேற்றில் இருந்து. இதே க்ளோட்ரிமசோல் வாங்கிப் போடலாமா?

வார்டு அக்கா:
வேண்டாம். ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொப்புளம் என்றால் வீட்டில் எந்தக் க்ரீமும் போடாமல் இன்றைக்கே காட்டுங்கள். பால் குடிப்பது குறைந்தாலோ, உடம்பு சுட்டாலோ, அல்லது வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தாலோ சாயங்காலம் வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். போய் வந்து எழுதுங்கள்.

தூளி:
கிளம்பிவிட்டோம் அக்கா.

கயல் அம்மா:
ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த ட்யூபை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார் என்றேன் அல்லவா. இன்று இவருடைய ஷேவிங் பெட்டியில் அதே மருந்து, வேறு பெயரில், பாதி அமுக்கிய ட்யூப். கேட்டால் தொடை இடுக்கு அரிப்புக்கு ஒரு வருடமாகப் போடுகிறாராம். போட்டால் நிற்கிறதாம், விட்டால் வருகிறதாம்.

மருந்துக்கடைத் தம்பி:
அது படர்தாமரையாக இருக்கும். ஒரு வருடம் ஸ்டீராய்டு போட்டிருந்தால் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியிருக்கும், சாதாரண மருந்துக்கு லேசில் அடங்காது. தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவராகத் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் அரிப்பு தாங்க முடியாது, அதனால் டாக்டர் சொல்கிறபடி நிறுத்தட்டும். அது வரை அவர் துண்டு, உள்ளாடை எல்லாம் தனியாகத் துவையுங்கள், பாப்பாவின் துணியோடு சேர்க்காதீர்கள். அவர் இடுப்பில் வைத்துத் தூக்குகிறார் என்றால் நடுவில் துணி இருக்கட்டும்.

கயல் அம்மா:
சாயங்காலத்துக்கு டோக்கன் போட்டுவிட்டேன். வரமாட்டேன், பாப்பாவுக்கு வாங்கின க்ரீமிலேயே கொஞ்சம் கொடு என்கிறார்.